பிண்டமும் பென்னும்: கம்போடியாவில் ஒரு மிஷனெரிக் குடும்பத்தின் ஆறு வருடம்

மிஷனெரிக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் சிறு குழு ஒன்றில் நானும் ஒருவன். இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் போனில் பேசியிருக்கிறேன், இரண்டு முறை நேரில் போய்த் தங்கியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கிராமத்தின் பெயரும் இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கிற சில விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

கணவர் தூத்துக்குடிப் பக்கம், மனைவி அதே மாவட்டத்து நாசரேத் பக்கம். 1903லேயே பாளையங்கோட்டையில் இந்தியர்களே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி இன்றைய தெலங்கானாவின் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பிய மண் அது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து (பிடியரிசி) ஊழியம் தாங்குவதெல்லாம் அங்கே பாட்டி காலத்துப் பழக்கம். கணவர் வட இந்தியாவில் எட்டு வருடம் வேதபாடம் நடத்தியவர், மனைவி நர்ஸ். கம்போடியாவுக்குக் கிளம்பும்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் அங்கே போனது 1923ல், முழு வேதாகமம் அந்நாட்டு மொழியான கெமரில் வந்தது 1954ல். 1975 ஏப்ரல் 17ல் கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் படையினர் தலைநகரைப் பிடித்தார்கள். 1979 ஜனவரி 7ல் அவர்கள் ஆட்சி விழுவதற்குள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் போய்விட்டார்கள். புத்த மடங்களை மூடி பிக்குகளின் காவியைக் களைய வைத்தார்கள், கிறிஸ்தவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். 1990ல்தான் சபை வெளிப்படையாகக் கூட மறுபடி அனுமதி கிடைத்தது. 1993 அரசியல் சாசனப்படி பௌத்தம் அரச மதம். மற்ற மதங்களுக்கும் இடம் உண்டு, ஆனால் வீடு வீடாகப் போய்ப் பரப்பக் கூடாது என்று 2007ல் அரசே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான் வழி.

கணவர் அனுப்பிய முதல் கடிதம் உற்சாகம் என்றால் அப்படி ஒரு உற்சாகம். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது, காது கொடுத்தால் நம் சொற்கள்தான். ஆசிரியரை ‘க்ரூ’ என்கிறார்கள், குருதான், மரியாதையாக ‘லோக் க்ரூ’. ‘சோக் சபாய்?’ என்று விசாரிக்கிறார்கள், அதில் ‘சோக்’ நம் சுகம். முகம் ‘முக்’, கர்மம் ‘கம்’, புண்ணியம் ‘போன்’, பாவம் ‘பாப்’. “பாதி மொழி ஏற்கெனவே தெரிந்ததுதான் அண்ணாச்சி” என்று எழுதியிருந்தார். நானும் அதை ஜெபக்குழுவில் வாசித்துக் காட்டினேன், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் தலைநகர் புனோம் பென்னில் மொழிப் படிப்பு. கணவர் வருடம் முழுக்க வகுப்புக்குப் போனார். மனைவி நான்கு மாதத்தோடு நிறுத்திவிட்டார், சின்னவனைப் பார்க்க ஆள் இல்லை. அனுப்பிய குழுவும் (எங்களையும் சேர்த்துத்தான்) மொழிக் கட்டணத்தை ஒருவருக்குத்தான் ஒதுக்கியிருந்தது. ஊழியர் அவர்தானே என்கிற நினைப்பு.

கிராமத்தில் முதல் இரண்டு வருடம்

அப்புறம் பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்தில், மரக்கால்கள் மேல் நிற்கிற வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். மேலே குடும்பம், வீட்டடியின் நிழலில் பாய் விரித்துச் சாயங்காலம் இலவச இங்கிலீஷ் வகுப்பு, முப்பத்தைந்து பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அதே பாயில் ஆராதனை, பெரியவர்கள் இருபது இருபத்தைந்து பேர். வேதபாடத்துக்கு யோவான் சுவிசேஷத்தை வைத்துப் பன்னிரண்டு பாடம். தமிழில் அவர் ஏற்கெனவே நடத்தியதுதான், உள்ளூர்ப் பையன் ஒருவன் உதவியோடு கெமரில் மாற்றிக்கொண்டார்.

பாட முடிவில் கேள்வி கேட்டால் பட்டென்று பதில் வரும். பாவத்தின் சம்பளம் என்ன, நித்தியஜீவன் யாருக்குக் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் பாடத்தில் இருக்கிற வார்த்தையே வரும். கிராமத்துக்கு வந்த இரண்டாம் வருடம் ஒன்பது பேர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அந்தக் காலாண்டு அறிக்கைதான் அவர் எழுதியதிலேயே நீளமானது.

வீட்டுக்குள் வேறு கதை. மனைவிக்குச் சந்தையே பள்ளிக்கூடம். மீன் விற்கிற பெண்களோடு பேரம் பேசியும், காய்ச்சல் பிள்ளைகளைப் பார்த்தும், ப்ரஹோக் என்கிற உப்பில் புளிக்கவைத்த மீன் விழுதை எப்படிச் சமைப்பது என்று கேட்டும் மொழி பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் அவரையும் தாண்டிவிட்டார்கள். அம்மா அப்பாவைவிட மூத்த வயதுக்காரர்களை அங்கே ‘ஒம்’ என்று கூப்பிடுவார்கள். சின்னவன் வீடியோ காலில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து “ஒம்! ஒம்!” என்று கத்த, நாசரேத்துப் பாட்டி பதறிப்போய் “பிள்ளைக்கு என்னம்மா சொல்லிக்குடுக்கிறீங்க” என்று கேட்டது குடும்பத்தில் பெரிய நகைச்சுவை.

கண்ணில் பட்டவை

முதலில் கவனித்தவள் மகள். பக்கத்து வீட்டில் எந்நேரமும் இருப்பாள், அங்கே ஒரு கிழவி, ஞாயிறு தவறாமல் வருகிறவர். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டில், குழம்பைப் பிசைந்துகொண்டே மகள் சிரித்தாள். “அப்பா, அந்த ஒம் மீன்காரப் பாட்டிகிட்ட என்ன சொல்றாங்க தெரியுமா? லோக் க்ரூ நல்லவர்தான், ஆனா இயேசுகிட்ட போனா மறுபடி பிறக்கணுமாம், எனக்கு இந்த ஒரு பிறவியே போதும்டி அம்மான்னு சொல்றாங்க.” கணவரும் சிரித்தார். மூன்றாம் பாடத்தில் விளக்கியிருக்கிறேனே, அடுத்த வாரம் இன்னொரு முறை சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டார்.

ஆனால் அது ஒரு கிழவியின் குழப்பம் இல்லை. பௌத்தத்தில் வளர்ந்தவருக்கு மறுபடி பிறப்பதுதான் நோய், அதிலிருந்து விடுபடத்தான் இத்தனை பாடும். அவரிடம் போய் ‘மறுபடி பிறக்க வேண்டும்’ என்பதை நற்செய்தியாகச் சொல்கிறோம். நித்தியஜீவன் என்பதற்கு அங்கே வருகிற சொற்களிலும் நம் ஜீவிதமும் நித்தியமும் இருக்கின்றன, அவர் காதிலோ அது ‘முடிவே இல்லாத பிழைப்பு’ என்று விழுகிறது. நெல் வயலில் முதுகொடிந்தவருக்கு அதில் என்ன சந்தோஷம்?

இரண்டாவது, ஒரு பெரியவர் சிலுவைப் பாடத்துக்கு அப்புறம் மனைவியிடம் தனியாகக் கேட்டது: “இவ்வளவு நல்லவர் அப்படிச் சாகிறதென்றால், முற்பிறவியில் எவ்வளவு பெரிய கர்மம் செய்திருப்பார்?” கிண்டல் இல்லை, பரிதாபப்பட்டுக் கேட்டிருக்கிறார். இதையும் மனைவி கணவரிடம் சொன்னார், அதுவும் ‘அடுத்த பாடத்தில்’ என்று போயிற்று.

மூன்றாவது, அரிசி. ஞாயிறுதோறும் சிலர் கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து இரு கையாலும் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கணவர் அதைக் காணிக்கை என்று அறிக்கையில் எழுதினார். பிக்குவுக்குப் பிச்சையிட்டால் ‘போன்’ சேர்வதுபோல லோக் க்ரூவுக்கு இட்டாலும் சேரும் என்கிற கணக்கு அது என்று மனைவிக்குச் சந்தையில்தான் தெரிந்தது. நாம் பாவம் என்று சொல்வதை அவர்கள் ‘பாப்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், புண்ணியம் போட்டால் நேராகிவிடுகிற கடன்போல. சொல் ஒன்றேதான், அது உட்கார்ந்திருக்கிற வீடு வேறு. முழுக்க அந்நியமான மொழியாக இருந்திருந்தால் அவர் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார். தெரிந்த சொல்லாகப் போனதால் கேட்கவே இல்லை.

இதற்கு நடுவில் பரீட்சை மாதம் என்று இங்கிலீஷ் வகுப்பை நிறுத்தியபோது, ஞாயிறு கூட்டம் இருபத்தைந்திலிருந்து ஒன்பதுக்கு வந்தது. அறிக்கையில் ‘அறுவடைக் காலம், மக்கள் வேலையாக இருக்கிறார்கள்’ என்று இருந்தது. நானும் நம்பினேன்.

ப்சும் பென்

செப்டம்பர் அக்டோபர் வாக்கில் பதினைந்து நாள் வருவது ப்சும் பென். பென் என்றால் நம் பிண்டமேதான். அந்த நாட்களில் நரகத்தின் வாசல் திறக்கும், ‘ப்ரேத்’ ஆகிப்போன முன்னோர்கள் பசியோடு மடம் மடமாகச் சொந்தக்காரர்களைத் தேடி அலைவார்கள், ஏழு மடத்தில் தேடியும் தங்கள் பங்கு இல்லையென்றால் சபிப்பார்கள் என்பது நம்பிக்கை. வெளிச்சம் ஆகாதவர்கள் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கே எள் கலந்த சோற்று உருண்டைகளை மடத்தைச் சுற்றி இருட்டில் எறிவார்கள். நமக்குப் பிரேதம் என்றால் பிணம், அவர்களுக்குப் பசித்து அலைகிற சொந்தம்.

மூன்றாம் வருடப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு கணவர் இதைப் பற்றி நேராகப் பிரசங்கித்தார். செத்தவர்களுக்குச் சோறு வேண்டியதில்லை, ஞானஸ்நானம் கேட்கிறவர்கள் போகக் கூடாது. நம் ஊரில் ஆடி அமாவாசை பற்றிப் பேசுகிற அதே தொனி. அடுத்த ஞாயிறு வந்தவர்கள் நான்கு பேர். பண்டிகை முடிந்தும் கூட்டம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி வழியில் பார்த்தால் கை கூப்புவார், பேசாமல் போய்விடுவார்.

மனைவி அவர் வீட்டுக்குப் போனார். திட்டமெல்லாம் இல்லை, முருங்கைக் கீரை பறித்திருந்தார், கொடுக்கப் போனார். கிழவி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னது இது. கெமர் ரூஜ் காலத்தில் புருஷனை ஒரு ராத்திரி கூட்டத்துக்கு என்று கூப்பிட்டுப் போனார்கள், வரவில்லை. கைக்குழந்தை பாலில்லாமல் போயிற்று. இரண்டு பேருக்கும் எரிப்பு இல்லை, சடங்கு இல்லை, எங்கே கிடக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. “வருடத்தில் ஒரு ராத்திரி அவர் பசியோடு வருவார். நான் போகாவிட்டால் யார் வைப்பார்கள்? உன் வீட்டுக்காரர் வைப்பாரா?” மனைவி பதில் சொல்லவில்லை. மீதிக் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அதே மாதம் வீட்டில் இன்னொரு சண்டை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, இந்தியாவில் மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அனுப்பிய குழு எழுதியிருந்தது. மிஷனெரிப் பிள்ளைகளுக்கு இங்கே வழக்கமான ஏற்பாடுதான். கணவர் சரி என்றார், மனைவி மாட்டேன் என்றார், மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி எனக்குப் போன் செய்தது அப்போதுதான். “அண்ணே, இந்த வீட்டில் இந்த ஊர்க்காரங்க பேசுறது முழுசாப் புரியிற ஆள் அவ ஒருத்திதான். அவளையும் அனுப்பிட்டா நாங்க என்னத்துக்கு இங்க இருக்கோம்?”

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஜனவரியில் போனேன், பத்து நாள் தங்கினேன். முதல் மூன்று நாள் அவர்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பேச விட்டுக் கேட்டேன், அவ்வளவுதான். நான்காம் நாள் மகளையும் உட்கார வைத்தோம். அவள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து, அப்பா ஞாயிறு பேசும்போது ஆட்கள் பின்னால் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தமிழும் கெமரும் கலந்து எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை, பொழுது போகாமல் எழுதியது. கணவர் அதை வாங்கி ஒரு மணி நேரம் வாசித்தார். எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தவர், “மூணு வருஷமா நான் எனக்கே பிரசங்கம் பண்ணிட்டிருந்திருக்கேன் அண்ணாச்சி” என்றார்.

முதல் முடிவு, ஆறு மாதம் பாடத்தை நிறுத்துவது, அந்த வருடம் ஞானஸ்நானம் இல்லை. எளிதாக எடுத்தது இல்லை, அறிக்கையில் பூஜ்யம் விழும். விழுந்தது, தாங்கிவந்த ஒரு சபை ஆறு மாதம் பணத்தை நிறுத்தியது. ஒன்பது பேரும் எதற்குச் சம்மதித்தார்கள் என்றே தெரியாதபோது தண்ணீரில் இறக்குவது சரியில்லை என்று மூவருக்கும் பட்டது.

இரண்டாவது, இங்கிலீஷ் வகுப்பை வீட்டடியிலிருந்து எடுத்துக் கிராமத்துப் பொதுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஞாயிறு வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைக்கு இடம் உண்டு என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள்.

மூன்றாவது, பாடத்தை யோவானிலிருந்து எடுத்து ஆதியாகமத்தில் தொடங்குவது. படைத்தவர் என்று ஒருவர் இல்லாத உலகத்தில் ‘தேவன் அன்புகூர்ந்தார்’ என்று தொடங்கினால் யார் என்ற கேள்வியே நிற்கிறது. புத்தருக்கும் ராஜாவுக்கும் முன்னால் போடுகிற ‘ப்ரெஆ’ என்கிற அதே அடைமொழிதான் தேவனுக்கும். ஆகவே கதையாகச் சொல்வது, வானமும் பூமியும், ஆதாம், காயீன், நோவா, ஆபிரகாம் என்று வாரம் ஒன்று. பாவம், இரட்சிப்பு என்ற சொற்களைக் கதை நடந்து முடியும்வரை எடுக்கவே கூடாது. கேள்வி பதில் கிடையாது. கேட்டவர் ஒருவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், மனைவியும் மகளும் அதைக் கேட்டு எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காயீன் கதையைத் திருப்பிச் சொன்ன ஒருவர், ஆபேல் முற்பிறவியில் காயீனைக் கொன்றிருப்பான் என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த வாரமும் காயீன்தான் ஓடியது.

நான்காவதுதான் கடினம், ப்சும் பென். வெளியூர்க்காரர் தீர்ப்புச் சொல்வதில்லை என்று முடிவு. பட்டம்பாங்கில் ஒரு வயதான கெமர் போதகரைக் கூப்பிட்டார்கள், அவரும் அந்த நான்கு வருடத்தைப் பிழைத்து வந்தவர். தான் சோறு எறிவதில்லை என்றார், ஆனால் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்ததும் இல்லை. சமைப்பார், அண்ணன் தம்பிகளோடு சாப்பிடுவார், அவர்கள் மடத்துக்குக் கிளம்பும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வார். “எறியாததை மன்னிப்பார்கள். வராததை மன்னிக்க மாட்டார்கள்.” பெற்றோரைக் கனம்பண்ணு என்கிற கட்டளையை அன்றைக்கு அவர்தான் விளக்கினார்.

அப்போது மனைவி கேட்டார்: “ஏங்க, நம்ம ஊர்ல நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு நாம எதுக்குப் போறோம்? பாட்டி கல்லறையைக் கழுவிப் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துறோமே, அது என்ன?” கணவரிடம் பதில் இல்லை. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துகிற ஒரு கூடுகையைப் பண்டிகை வாரத்தில் வைக்கலாம் என்பது அங்கேதான் பிறந்தது.

மகள் விடுதிக்குப் போகவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து வீட்டிலேயே படிப்பது, பரீட்சைக்கு இந்தியா வருவது என்று ஆயிற்று.

பிறகு நடந்தது

அடுத்த ப்சும் பென்னில் அந்தக் கூடுகை நடந்தது, பதினேழு பேர் வந்தார்கள். வாசலில் ஒரு நோட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மகள் எழுதினாள். பக்கத்து வீட்டுக் கிழவி பதினொரு பெயர் சொன்னார். கடைசியாகக் குழந்தை. பெயர் வைக்கும் முன்னே போய்விட்டது, ‘ஆ தூச்’ என்று கூப்பிட்டோம் என்றார், சின்னது என்று அர்த்தம். மகள் ‘ஆ தூச்’ என்று எழுதினாள். வாசிக்கும்போது கணவர் அந்தப் பெயரில் நின்றுவிட்டார், போதகர்தான் மீதியை வாசித்தார்.

அதற்கு அடுத்த விடியற்காலை அந்தக் கிழவி தங்கையோடு மடத்துக்கும் போனார், சோறும் எறிந்தார். ஞாயிறும் வருகிறார். இதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன், தோல்வி என்றும் எழுத வரவில்லை. ஞானஸ்நானம் அவர் கேட்கவில்லை, யாரும் கேட்க வைக்கவும் இல்லை.

ஒன்பது பேரில் நான்கு பேர் இரண்டு வருடம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தார்கள். இரண்டு பேர், லோக் க்ரூ மென்மையாகிவிட்டார் என்று வேறு கூட்டத்துக்குப் போனார்கள், மூன்று பேர் வருவதே இல்லை. இங்கிலீஷ் வகுப்பு நிறைந்துதான் இருக்கிறது, ஞாயிறு பதினைந்தைத் தாண்டுவது அபூர்வம். மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள், தமிழில் எழுத்துப் பிழை ஏராளம், கெமரில் கவிதை எழுதுகிறாளாம்.

இன்னொரு முறை என்றால்

மொழிப் படிப்புக்குக் கணவன் மனைவி இருவருக்கும் சம பணம், குழந்தையைப் பார்க்க ஆளுக்கும் சேர்த்து. இப்போது எங்கள் குழுவில் இது விதி. மொழி முடிந்து ஒரு வருடமாவது பாடம் நடத்தாமல் கேட்க மட்டும் செய்யச் சொல்வேன். நம் சொல்போலவே இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் தனி நோட்டில் எழுதி, உள்ளூர்க் கிழவி ஒருவரிடம் அர்த்தம் கேட்காமல் பிரசங்கத்தில் பயன்படுத்த விடமாட்டேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும், பன்னிரண்டு வயதில் கடிதம் போட்டு அல்ல.

அறிக்கைப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதைத் தயாரித்ததில் எனக்கும் பங்குண்டு. எத்தனை பேர், எத்தனை கூட்டம், எத்தனை ஞானஸ்நானம் என்று மூன்று கட்டம் இருந்தது, அவர் அதைத்தான் நிரப்பினார். இப்போது ‘இந்தக் காலாண்டில் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது என்ன’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் காலியாக விடுகிறார்கள். மனைவி எழுதுவதற்கும் தனி இடம் உண்டு, அது நிறைந்து வருகிறது.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் படிப்பு அடுத்த மாதக் கூட்டத்தில் வருகிறது, இந்த முறை அவனையும் உட்கார வைத்துப் பேசுவதாக இருக்கிறோம்.